கட்டைவிரலால் மறைத்த வரி

கெகாஹா, கவாய் தீவு
14 ஜனவரி 2012

அன்புத் தம்பி வெண்டல்,

நான் சுகம். முழங்கால் மட்டும் மழை வந்தால் முனகுகிறது. அந்தப் பாலைவனக் குளிரில் உன் உடம்பு எப்படி இருக்கிறது? ஃபோனில் கேட்டுக்கொள்ளலாம் என்றால், கரும்பாலையில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய உன் காதுக்கு அது ஆகாது. என் கண்ணுக்கு அந்தச் சின்னத் திரை ஆகாது. ஆகவே நமக்குக் கடிதம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு கடற்கரையில் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருந்தாய். சொன்னால் சிரிப்பாய். கடல்நாய் கரையேறித் தூங்கும், நான் அதற்குக் காவல். சம்பளம் கிடையாது. காலையில் மிடோரி கூப்பிடுவாள், எங்கள் கூட்டத்தைக் கட்டி மேய்ப்பவள் அவள்தான். எந்த இடத்தில் படுத்திருக்கிறது என்று சொன்னதும் போய்க் குச்சிகளை நட்டு, சுற்றிலும் கயிறு கட்டி, பலகையை மாட்டிவிட்டுக் குடைக்கு அடியில் உட்கார்ந்துவிடுவேன். அது கடலுக்குத் திரும்பும்வரை நானும் நகர மாட்டேன். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு துண்டுத்தாள் கொடுப்பதும் என் பொறுப்பு.

நேற்று ஒரு சுற்றுலாக்கார அம்மாள் ஓடி வந்து, "அது செத்துப்போச்சு, யாருக்காவது சொல்லுங்க" என்று கண்ணைக் கசக்கினாள். தூங்குகிறது என்றேன். மூச்சே விடவில்லையே என்றாள். "அது உங்களை மாதிரி அவசரமா விடாதும்மா. பத்து நிமிஷம் நில்லுங்க, விடும்" என்றேன். நின்றாள். அது ஒரு பெருமூச்சு விட்டு மூக்கை மணலில் தேய்த்ததும் கைதட்டினாள். இப்படித் தினமும் நாலு பேர்.

அதிகம் வருகிறவள் எஹிகு. விலா ரோமத்தை வெளுத்து 7 என்று போட்டிருக்கிறார்கள், நம் ஹவாய் மொழியில் ஏழுக்கு எஹிகுதானே, அதனால் அந்தப் பெயர். போன வருடம் நம் கரையில்தான் ஈன்றாள். ஆறு வாரம் பட்டினி கிடந்து பால் கொடுத்தாள், பிறகு ஒரு நாள் குட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அவர்கள் வழக்கம் அப்படி. இப்போது மறுபடி வயிறு பெருத்திருக்கிறது. உன் சிநேகிதன் ஹெர்மன் தூண்டிலோடு போகிறபோதெல்லாம் வம்பு பேசாமல் போவதில்லை. "என்ன வெர்னா, உன் நாய் என் மீனைத் தின்னுட்டு நல்லாக் குறட்டை விடுது போல. எழுந்ததும் ஒரு நன்றி சொல்லச் சொல்லு" என்கிறான்.

உன் மனைவி ஜோஸ்லின் வளர்த்த பூனைகள் பதினொன்றும் சுகம். தினமும் ஆறு மணிக்கு உன் வீட்டுப் பின்படியில் சோறும் டின் மீனும் பிசைந்து வைக்கிறேன். தின்றுவிட்டு வாய்க்கால் கரையில் வெயில் காய்கின்றன.

கவனமாக இரு, கம்பளி போட்டுக்கொள்.
உன் அக்கா வெர்னா

*

லாஸ் வேகஸ்
2 பிப்ரவரி

அக்காவுக்கு,

உன் முழங்காலுக்கு என் அனுதாபம். நான் நன்றாக இருக்கிறேன். இந்த ஊர்க் குளிர் எலும்பைத் தேடி வந்து உட்காருகிறது, அவ்வளவுதான்.

தட்டில் காய்கறி மீதி வைத்த பிள்ளைகளைக் கரண்டியால் மிரட்டிய பள்ளிக்கூடச் சமையல்கார வெர்னா, இப்போது தூங்குகிற மிருகத்துக்குக் காவல் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? அந்தச் சுற்றுலாக்காரர்களை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

ஹோட்டல் சமையலறையில் எனக்கு மாட்டுவால் சூப் பிரிவு கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட வருகிறவர்களில் பாதிப்பேர் நம் தீவுகளிலிருந்து சூதாட வந்தவர்கள். என் பேச்சைக் கேட்டதுமே, "எந்த ஸ்கூல்ல படிச்சீங்க?" என்று ஆரம்பிப்பார்கள். சொன்னதும் அங்கே படித்த யாரோ ஒரு பெரியம்மா மகன் பெயரைச் சொல்வார்கள். ஐந்து நிமிடம் பேசுவோம், சூப் ஆறுவதற்குள் போய்விடுவார்கள். ஒரு நாளில் நான் பேசுகிற பேச்சு அவ்வளவுதான்.

பூனைகள் எப்படி? கேப்டனுக்கு இருக்கிற ஒரு கண்ணாவது தெளிவாக இருக்கிறதா? டீச்சர் இன்னும் முறைக்கிறாளா? சோயா குட்டி போட்டாளா? மோச்சி இளைத்திருந்தான் என்று எழுதியிருந்தாயே, தேறினானா? ஜோஸ்லின் செய்வதுபோல் கரண்டியால் டின்னைத் தட்டிக் கூப்பிடு, அந்தச் சத்தத்துக்குத்தான் எல்லாம் வரும். என் வீட்டுக் கதவைத் திறக்க வேண்டாம். பின்படி போதும்.

அவள் கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பூனைகளை நீ பார்த்துக்கொள்வதால்தான் எனக்கு இங்கே தூக்கம் வருகிறது.

உடம்பைக் கவனி.
வெண்டல்

*

கெகாஹா
21 மார்ச்

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை.

எஹிகு செத்துப்போய்விட்டாள். சனிக்கிழமை காலை வாய்க்கால் முகத்துவாரத்துக்குக் கிழக்கே, இருநூறு அடி தூரத்தில் படுத்திருந்தாள். நான் வழக்கம்போல் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் குடையை விரித்து உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரம் அப்படியே இருந்தேன், வெண்டல். ஒரு ஆள் வந்து, "செத்துக் கிடக்குது போலிருக்கே" என்றான். "தூங்குது. தள்ளி நில்லுங்க" என்று விரட்டினேன். இன்னொருத்தி வந்து அதையே சொன்னாள், அவளுக்கும் அதே பதில். பிறகு ஈக்கள் அவள் கண்ணில் வந்து உட்கார்ந்தன, அவள் இமைக்கவில்லை. செத்த உடம்பைச் சுற்றிக் கயிறு கட்டி, ஊரையெல்லாம் சத்தம் போடாமல் நடக்கவைத்த முட்டாள் நான்தான்.

மிடோரி ஆட்களோடு வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனாள். ஹொனலூலுவில் அறுத்துப் பார்ப்பார்களாம். வயிற்றில் நாள் நிறைந்த குட்டி.

ஹெர்மன்தான் ஏதோ செய்துவிட்டான் என்று எங்கள் ஆட்கள் பேசுகிறார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் கடையில் அவன் வந்து நின்றால் வரிசை கலைகிறது. நானும் இரண்டு தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தினமும் அவன் பேசிய பேச்சுக்கு வேறு யாரைச் சந்தேகப்படுவது?

பூனைகள் சுகம். சோயா நாலு குட்டி போட்டாள், ஒன்றும் தங்கவில்லை.

உன் அக்கா

*

லாஸ் வேகஸ்
3 ஏப்ரல்

அக்கா,

கடிதம் கிடைத்தது. இரண்டு தரம் படித்தேன். சாப்பிடுகிறாயா? சாப்பிடு.

நீ முட்டாள் இல்லை. தூங்குகிறவளுக்குக் காவல் இருப்பதுதான் உன் வேலை, நீ அதைத்தான் செய்தாய். ஆனால் ஹெர்மன் விஷயத்தில் அவசரப்படாதே. அவனோடு இருபது வருடம் ஒரே ஷிப்டில் இருந்தவன் நான். அவன் வாய் அப்படி, கை அப்படி இல்லை. ஆலையில் எலிப்பொறி வைக்கச் சொன்னால்கூட என்னைத்தான் அனுப்புவான்.

மனசு சரியில்லாதபோது பின்படியில் போய்ப் பூனைகளோடு கொஞ்ச நேரம் உட்கார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களில் ஜோஸ்லின் அதைத்தான் செய்தாள். கேப்டனைத் தொட முயற்சி செய்யாதே, கடிப்பான். பக்கத்தில் உட்கார விடுவான்.

எல்லாவற்றையும் விசாரித்ததாகச் சொல்லு.
வெண்டல்

*

14 ஏப்ரல்
[எழுதி, அனுப்பாமல் வைத்தது]

வெண்டல்,

இதை எழுதிவிட்டு உனக்கு அனுப்புவேனா என்று தெரியவில்லை.

நேற்று மிடோரி வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். ஆளுக்கொரு பண்டம் கொண்டுபோயிருந்தோம், நான் என் மக்ரோனி சாலட். எல்லோரும் தட்டில் போட்டுக்கொண்ட பிறகு மிடோரி ஹொனலூலுவிலிருந்து வந்த தாளைப் படித்தாள். யாரும் அடிக்கவில்லை, சுடவில்லை. பூனையிடமிருந்து வரும் ஒரு கிருமி. பூனையின் மலத்தில் இருக்குமாம். மழை அதை வாய்க்காலில் அடித்துக்கொண்டு போய்க் கடலில் சேர்க்கும். கடல்நாய்க்குள் போனால் சில நாளில் முடிந்துவிடும், மருந்து வேலை செய்யாது. எந்தப் பூனை என்று சொல்ல முடியாது, தீவு முழுக்கப் பூனைகள்தானே என்றாள்.

என்னோடு காவலுக்கு வருகிற ராய்லீன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எந்தப் பாவி அதுங்களுக்குச் சோறு போட்டு வளக்குறானோ, அவன் கையில கயிறு குடுத்து உக்கார வைக்கணும். அப்பத்தான் புத்தி வரும்" என்றாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். பிறகு என் சாலட்டை நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார்கள்.

எனக்குத் தெரியாது என்று மட்டும் நினைக்காதே. நாங்கள் கொடுக்கும் துண்டுத்தாளில் மூன்றாவது வரியே அதுதான்: கடற்கரைப் பக்கம் பூனைகளுக்குத் தீனி வைக்காதீர்கள். ஒன்றரை வருடமாக நூற்றுக்கணக்கான பேருக்கு அந்தத் தாளை நீட்டியிருக்கிறேன். நீட்டும்போது என் கட்டைவிரல் அந்த மூன்றாவது வரியின் மேல் இருக்கும். தற்செயலாக இல்லை. அப்படிப் பிடிக்கப் பழகிக்கொண்டேன். நம் பூனைகள் இல்லை, வேறு பூனைகள், நம் வாய்க்கால் அவ்வளவு தூரம் போகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிப்ரவரியில் ஒரு வாரம் பெய்த மழையில் அந்த வாய்க்கால் கரை புரண்டு ஓடியதை என் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தவள் நான்தான்.

பூனைகளை விட்டால் உன்னை விட்டதுபோல் ஆகிவிடும். எஹிகுவை மறந்தால் நான் மனுஷியே இல்லை. இதில் எதைச் செய்ய?

*

கெகாஹா
20 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

சுகமாக இருக்கிறேன், நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

எஹிகுவுக்கு ஏதோ நோய்க்கிருமியாம். ஹெர்மன் மேல் தப்பில்லை. நீ சொன்னது சரி. இனிப்பு ரொட்டி சுட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல வெர்னா. நான் பேசின பேச்சுக்கு நானே என்னைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்" என்றான். ரொட்டியை வாங்கிக்கொண்டான். அவன் சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

பூனைகள் சுகம்.

அக்கா

*

11 மே
[எழுதி, அனுப்பாமல் வைத்தது]

வெண்டல்,

முடித்துவிட்டேன்.

லிஹுவேயில் இருக்கும் மிருகக் காப்பகத்தில் கூண்டு இரவல் வாங்கினேன். உள்ளே மீன் வைத்தால் நுழைந்ததும் கதவு விழுந்துவிடும். நாலு நாளில் பத்துப் பூனைகள். என்னை நம்பித்தான் உள்ளே போயின. ஒவ்வொன்றாகக் காரில் லிஹுவேக்குக் கொண்டுபோனேன். டீச்சர் வழியெல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கேப்டன் மட்டும் கூண்டுப் பக்கமே வரவில்லை. கடைசி நாள் கூண்டை எடுத்து வைத்துவிட்டு, பின்படியில் உட்கார்ந்து கரண்டியால் டின்னைத் தட்டினேன். வந்தான். ஒரே ஆள்தானே இருக்கிறோம் என்று நினைத்தானோ என்னவோ, மடியில் ஏறி உட்கார்ந்தான். கடிக்கவில்லை. அப்படியே துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனேன்.

காப்பகத்தில் மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் நல்லவள். உங்கள் பூனைகளா என்று கேட்டாள். தம்பி மனைவியுடையவை என்றேன்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"அவ இப்ப இல்ல."

"தம்பிக்கு?"

மேஜை மேலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டேன். சோயாவுக்கும் மோச்சிக்கும் வீடு கிடைக்கலாம், சாதுவாக இருக்கின்றன என்றாள். "மத்ததுங்க கைக்குப் பழகலம்மா. எங்ககிட்ட இடமும் இல்ல. ஊசி வலிக்காது" என்றாள். பதினோரு தாளில் கையெழுத்துப் போட்டேன். கேப்டனின் தாளில் பெயர் என்ற இடத்தில் எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதினேன்.

மறுநாள் காலை பழக்கத்தில் அவற்றுக்கும் சேர்த்துச் சோறு வடித்துவிட்டேன். வேறு யாருக்கு என்று தெரியாமல் நானே உட்கார்ந்து தின்றேன். ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

*

லாஸ் வேகஸ்
28 மே

அக்காவுக்கு,

உடம்புக்கு முடியவில்லையா? ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. கடைசியாக வந்ததும் மூன்று விரல் அகலம்தான். 'பூனைகள் சுகம்' என்று இரண்டே வார்த்தை. நீ அப்படி எழுதுகிறவள் இல்லையே. மிடோரி உன்னைச் சக்கையாகப் பிழிகிறாளா?

உன் முகத்தைச் சிரிக்கவைக்க ஒரு சேதி. ஜூலை 26ஆம் தேதி வருகிறேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. இரண்டு வாரம் இருப்பேன். பூனைகளுக்கென்று இங்கே ஒரு பிஸ்கட் விற்கிறார்கள், சால்மன் வாசனை அடிக்கும், பெரிய பை ஒன்று வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். அதிலிருந்து என் அறை முழுக்க மீன் மார்க்கெட் வாடை.

கேப்டன் என்னை அடையாளம் கண்டுகொள்வானா? பந்தயம் கட்டினால் இல்லை என்றுதான் கட்டுவேன்.

உன் வெண்டல்

*

கெகாஹா
9 ஜூன்

வெண்டல்,

நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் வேண்டிக்கொள்கிறேன், இதைப் படித்த பிறகும்.

இதோடு இரண்டு கடிதங்கள் வைத்திருக்கிறேன். உனக்கு எழுதி, அனுப்பத் தைரியம் இல்லாமல் பைபிளுக்குள் வைத்தவை. முதலில் ஏப்ரல், பிறகு மே, அந்த வரிசையில் படி.

பூனைகள் இல்லை. ஏப்ரலில் நான் 'சுகம்' என்று எழுதியபோது அவை இருந்தன, ஆனால் அதை எழுதிய கை ஏற்கெனவே கூண்டை யோசித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு நான் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் முழங்கால் இல்லை.

நீ வந்து படியில் நின்று டின்னைத் தட்டிக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் இப்போதே சொல்கிறேன். ஜோஸ்லின் உன்னிடம் விட்டுப்போனதை நீ என்னிடம் விட்டாய், நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். மறுபடி அதே நிலை வந்தாலும் அதையேதான் செய்வேன். ஆனால் உன்னிடம் கேட்டுவிட்டுச் செய்திருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என்று பயந்தேன்.

கோபப்படு. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

*

கெகாஹா
2 ஆகஸ்ட்

வெண்டல்,

சுகமா? பதில் வரவில்லை. உன் கடிதம் வழியில் தொலைந்திருக்கலாம் என்று ஜூன் கடைசிவரை நினைத்தேன். ஜூலையில் நினைக்கவில்லை.

ஆனாலும் 26ஆம் தேதி விமான நிலையத்துக்குப் போனேன். டிக்கெட் வாங்கியவன் வராமல் இருப்பானா என்று ஒரு நப்பாசை. எந்த விமானம் என்று நீ எழுதவில்லை, அதனால் காலை பத்து மணிக்கே போய்விட்டேன். ஹெர்மன்தான் வண்டி ஓட்டினான். உனக்காக முந்தின நாள் மாலை உட்கார்ந்து சம்பங்கிப் பூவில் மாலை கட்டியிருந்தேன். ஹொனலூலுவிலிருந்து ஒவ்வொரு விமானம் இறங்கும்போதும் எழுந்து நிற்பேன். உன் உயரத்தில் ஆள் வந்தால் கையைத் தூக்குவேன். ஒருத்தர் எனக்குத் திரும்பக் கையாட்டிவிட்டு, யாரோ என்று குழம்பிப் போனார். சாயங்காலம் ஐந்தரைக்கு ஹெர்மன், "வா வெர்னா. போதும், போலாம்" என்றான். வண்டியில் அவன் ஒரு வம்பும் பேசவில்லை. மாலையை ஜோஸ்லின் கல்லறையில் போட்டுவிட்டு வந்தோம்.

மிடோரியிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். கட்டைவிரல் கதையையும் சொன்னேன். அவள் காவல் அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "வியாழக்கிழமை காலை உங்களால வர முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். போனேன். சேதி தெரிந்ததிலிருந்து ராய்லீன் கயிற்றுக்கு அந்தப் பக்கம் தன் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறாள். அவள் அப்படிச் செய்வதில் தப்பில்லை. மூன்று மணி நேரம் இரண்டு பேரும் தூங்குகிற ஒரு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

உன்னை வரவேற்க உன் வீட்டு முற்றத்தைப் பெருக்கி வைத்திருந்தேன். கதவைத் திறக்கவில்லை.

அக்கா

*

லாஸ் வேகஸ்
15 செப்டம்பர்

அக்காவுக்கு,

உன் முழங்கால், கண், எல்லாம் எப்படி என்று கேட்கக்கூட எனக்கு இப்போது அருகதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நான் டிக்கெட் வாங்கவில்லை. ஜூலைக்கும் வாங்கவில்லை, போன கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பிறகு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்று எழுதினேனே, அப்போதும் வாங்கவில்லை. வருகிறேன் என்று எழுதும்போது நிஜமாகவே வருவதாகத்தான் இருக்கும். பிறகு அந்த வீட்டுக் கதவு ஞாபகம் வரும். ஜோஸ்லின் கடைசி மூன்று மாதம் கிடந்த அறை கதவைத் திறந்ததும் நேராகத் தெரியும்.

உன் ஜூன் கடிதம் வந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. வராமல் இருக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அக்கா என்னிடம் பொய் சொன்னாள், பூனைகளைக் கொன்றாள், அதனால் நான் போகவில்லை. அந்தக் கோபத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். சமையலறையில் எல்லோரிடமும் சொன்னேன். அவர்களும் பாவம், என் பக்கம் பேசினார்கள். நீ விமான நிலையத்தில் பகல் முழுக்க நின்றதைப் படித்ததும் அந்தக் கோபம் கையை விட்டுப் போய்விட்டது. அதற்குப் பிறகும் ஒரு மாதம் எழுத முடியவில்லை, வெட்கம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பூனைகளைப் பிடிக்காது. எந்தக் காலத்திலும் பிடித்ததில்லை. கேப்டன் என்னை மூன்று தரம் கடித்திருக்கிறான். அவற்றை உன்னிடம் விடச் சொன்னது ஜோஸ்லின். "நாம போயிட்டா அக்கா விடிஞ்சதும் எதுக்கு எழுந்திருப்பாங்க? இதுங்களை அவங்ககிட்ட விடு" என்றாள். நாம என்றுதான் சொன்னாள். நான் அங்கே தங்க மாட்டேன் என்று எனக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவை உன்னிடம் இருந்ததால் நான் உன்னை விட்டுப்போனதாக எனக்குத் தெரியவில்லை. கடிதத்துக்குக் கடிதம் ஒவ்வொன்றின் பெயராகச் சொல்லி விசாரித்தேன். உன்னை எப்படி விசாரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. நீ தனியாக இருக்கிறாயா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாய். அப்புறம் நான் என்ன செய்வது? அதனால் டீச்சர் முறைக்கிறாளா என்று கேட்டேன்.

என்னை விட்டதுபோல் ஆகிவிடும் என்ற பயத்தில்தான் நீ கட்டைவிரலை அந்த வரியின் மேல் வைத்தாய். ஆகவே அந்தக் கடல்நாய் சாவில் எனக்கும் பாதி உண்டு. அதன் வயிற்றில் இருந்த குட்டிக்கும்.

இனி எதைப் பற்றி எழுதுவது என்று தெரியவில்லை.

வெண்டல்

*

கெகாஹா
24 செப்டம்பர்

வெண்டல்,

நீ கேட்காததற்குப் பதில் சொல்கிறேன். ஆமாம், தனியாக இருக்கிறேன். ஜோஸ்லின் போன பிறகும், நீ போன பிறகும், பூனைகள் இருந்தபோதும் அப்படித்தான் இருந்தேன். அவை தின்னுகிற அரைமணி நேரம் மட்டும் அது தெரியாது.

உன் கடிதத்தை ஹெர்மன் வண்டியில் உட்கார்ந்து படித்தேன். பூனைகளைப் பிடிக்காது என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஹெர்மன் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டினான். பிறகு அழுதேன். உனக்கு ஆசை என்று நினைத்துத்தான் ஒவ்வொன்றையும் கூண்டில் ஏற்றும்போது உன்னிடமிருந்து பிடுங்குவதுபோல் செத்தேன். நீ ஒரு வரி நிஜம் எழுதியிருந்தால் போன வருடமே முடிந்திருக்கும். நான் ஒரு வரி நிஜம் எழுதியிருந்தாலும்தான். உன் மேல் கோபமாக இருக்கிறேன். நாளைக்கும் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டாய். நான் எழுதுகிறேன். இன்று காலை ஒரு கடல்நாய் வந்தது. எண் கிடையாது, துடுப்பில் அடையாளச் சீட்டும் கிடையாது, இதுவரை யாரும் பார்த்ததில்லை. மிடோரி வருவதற்கு நேரமாகும் என்பதால் நான் தனியாகக் கயிறு கட்டினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் அதன் விலாவைப் பார்த்தேன். மூச்சு வருகிறது என்று தெரிந்த பிறகுதான் திரும்ப உட்கார்ந்தேன். இனி எப்போதும் அப்படித்தான் பார்ப்பேன் போலிருக்கிறது.

அந்த வீட்டில் நீ தங்க வேண்டாம். என் வீட்டில் முன்னறை காலியாக இருக்கிறது. உன் வீட்டுக் கதவை நான் திறந்து, அந்தக் கட்டிலை ஹெர்மனோடு சேர்ந்து வெளியே எடுத்துப் போட்டுவிடுகிறேன், நீ சரி என்றால். இனி ஊட்ட வேண்டியது என்று இங்கே எதுவும் இல்லை, பார்த்துக்கொள்ள வேண்டியது என்றும் இல்லை. நான் இருக்கிறேன். என்னைப் பார்க்க வா.

வர முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். தேதி மட்டும் எழுதாதே.

அக்கா